சலாமிஸ் கடற்போர் ஆட்டம்: எந்தக் கோளாறுக்கு எதைப் பார்ப்பது

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்ற கணினிப் போர் விளையாட்டின் முதல் பாகத்தோடு, சொந்தமாக வரைபடம் உருவாக்க ஓர் எடிட்டர் வரும். அதில், கி.மு. 480இல் கிரேக்கரும் பாரசீகரும் மோதிய சலாமிஸ் கடற்போருக்கு ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் சலாமிஸ் தீவு, வலப்பக்கம் அட்டிக்காக் கரை, நடுவில் ஒடுங்கிய கடல், தெற்கு வாயிலில் சிட்டாலியா என்ற குட்டித் தீவு. கிரேக்கர் கையில் 20 டிரைரீம்கள், அதாவது மூன்று வரிசைத் துடுப்புப் போர்க்கப்பல்கள். எதிரே கணினி ஆடும் இரண்டு அணிகள், பினீசியரும் பாரசீகரும். இருவருக்கும் சேர்த்து 45 கப்பல்கள். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்கில் கிரேக்க டிரைரீம்கள் 378, அவற்றில் ஏதென்ஸ் நகரத்துடையவை மட்டும் 180. 1997இல் வந்த அந்த விளையாட்டு ஓர் அணிக்கு ஐம்பதுக்கு மேல் இடம் கொடுக்காது என்பதால் இரு பக்கமும் குறைத்துக்கொண்டேன்.

வரைபடத்தை அக்கா மகனிடம் கொடுத்தேன். அவன் கல்லூரி விடுதி முழுக்கப் பரப்பிவிட்டான். அன்றிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி: "மாமா, கப்பல் நகரவே மாட்டேன் என்கிறது." "மாமா, ஐந்தே நிமிடத்தில் எல்லாம் போய்விட்டது." பதில்களும் ஒரே மாதிரிதான். அதனால் எழுதி வைக்கிறேன். இதே போரை 'டோட்டல் வார்' என்ற இன்னொரு போர் விளையாட்டு வரிசையில் ஆடுபவர்களுக்கும் சில குறிப்புகள் உண்டு. ஒவ்வொரு கோளாறிலும் காசும் உழைப்பும் வேண்டாத காரணம் முதலில் வரும். அதைப் பார்க்காமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள்.

கடல் சிவப்பாகவும் புல் ஊதாவாகவும் தெரிகிறது

பழைய 1997 பதிப்பில் மட்டும் வரும் கோளாறு. உங்கள் திரையில் குறை எதுவும் இல்லை. அந்த விளையாட்டு 256 நிறங்களை வைத்து எழுதப்பட்டது. விண்டோஸின் எக்ஸ்ப்ளோரர் நடுவில் புகுந்து அந்த நிறப் பட்டியலைக் கலைத்துவிடுகிறது.

முதலில் விளையாட்டின் குறுக்குவழியை வலச் சொடுக்கி, பண்புகளில் இணக்கப் பகுதிக்குப் போய், 256 நிறங்கள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரியாகவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு, அங்கிருந்தே புதிய பணியாக விளையாட்டை இயக்குங்கள். மேசைத்திரை காணாமல் போகும், பயப்பட வேண்டாம். ஆடி முடித்ததும் அதே டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை மறுபடி இயக்கினால் எல்லாம் திரும்பி வரும்.

விளையாட்டு திறக்கும்போது 'டைரக்ட்பிளே' என்ற பழைய துணைநிரல் வேண்டும் என்று விண்டோஸ் கேட்டால் நிறுவ அனுமதியுங்கள். இத்தனைக்கும் மசியாவிட்டால் 2018இல் வந்த புதிய பதிப்பை வாங்குவதுதான் வழி.

கடற்போர்த் திரையே வரவில்லை, முடிவு மட்டும் வருகிறது

எந்த ஆண்டு விளையாட்டு என்று பாருங்கள். 2004இல் வந்த 'ரோம்: டோட்டல் வார்' என்றால் பழுது எதுவும் இல்லை. அதில் கடற்போரைக் கணினியே கணக்குப் போட்டு முடித்துவிடும். நீங்கள் ஆட முடியாது. 2021இல் புதுப்பித்து வெளியிட்டபோதும் இதை மாற்றவில்லை. கடலில் இறங்கி ஆட 2013இன் 'ரோம் 2' வேண்டும். ஒரு பையன் இதற்காக மூன்று முறை விளையாட்டை அழித்து நிறுவியிருக்கிறான்.

கப்பல்கள் ஒன்றோடொன்று சிக்கி ஒரே இடத்தில் சுற்றுகின்றன

அதிகம் வரும் புகார் இது. அக்கா மகன் ஆடும்போது பின்னால் நின்று ஒருமுறை பார்த்தேன். 20 கப்பல்களையும் ஒரே பெட்டியாக இழுத்துத் தேர்ந்தெடுத்தான். வரைபடத்தின் அடிமூலையில் ஒரு சொடுக்கு. முன்னால் இருந்த மூன்று கப்பல்கள் சிட்டாலியாவின் இடப்பக்கம் போகலாம் என்று திரும்பின, அடுத்த நான்கு வலப்பக்கம் போகலாம் என்றன, பின்னால் இருந்தவை இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூக்கை நுழைத்தன. கல்யாண வீட்டில் பந்திக் கதவைத் திறந்த நேரம் போல வாயில் அடைத்துக்கொண்டது. வெளியே நின்ற பினீசியக் கப்பல்கள் சாவகாசமாக அம்பு விட்டன.

முதலில் ஒரு சோதனை. ஒரே ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்து, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், நீர்மேல் சொடுக்குங்கள்.

*அது ஒழுங்காகப் போகிறது என்றால்:* கோளாறு கட்டளையில் இருக்கிறது. ஐந்தைந்தாகப் பிரித்து, கண்ட்ரோல் விசையோடு 1, 2, 3, 4 என்று எண் கொடுத்துவிடுங்கள். முதல் ஐந்தும் வாயிலைத் தாண்டிய பிறகு அடுத்த ஐந்து. தொலைவுக்கு ஒரே சொடுக்கு வேண்டாம். இரண்டு மூன்று எட்டாக நகர்த்துங்கள். நீங்கள் இன்னும் போய்ப் பார்க்காததால் கருமை விலகாத பகுதியில் சொடுக்கியிருந்தால் அங்கே தரை இருக்கலாம். தரைக்குப் போகச் சொன்ன கப்பல் கரையோரத்தில் முட்டிக்கொண்டு கிடக்கும்.

*அதுவும் போகவில்லை என்றால்:* வழியில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் நீங்களே கட்டிய துறைமுகம்தான். மரம் மிச்சம் இருக்கிறது என்று நீரிணையின் கழுத்தில் இரண்டாவது துறைமுகம் கட்டுகிறவர்கள் உண்டு. அதை அழித்துவிட்டு, சலாமிஸ் பக்கத்து விரிகுடாவுக்குள் கட்டுங்கள்.

*துறைமுகமும் இல்லை என்றால்:* என் தப்பு. முதலில் கொடுத்த வரைபடத்தில் நீரிணை நான்கு கட்டம்தான் அகலம். வரலாற்றுக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று நினைத்து ஒடுக்கிவிட்டேன். எடிட்டரில் திறந்து எட்டுக் கட்டமாக அகலப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த நெரிசல் எதிரிக்கு நேர வேண்டியது, உங்களுக்கு அல்ல. கி.மு. 480இல் நடந்தது அதுதான். கரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த மன்னர் செர்க்சஸின் கண்ணில் பட வேண்டும் என்று பாரசீகப் பக்கத்துப் பின்வரிசைக் கப்பல்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னே வந்தன. முன்வரிசையோ அடி வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. தங்கள் கப்பல்களே தங்கள் கப்பல்கள்மீது மோதின என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

முதல் ஐந்து நிமிடத்தில் பாதிக் கப்பல் போய்விடுகிறது

*முதல் காரணம்: வெளியே போய்விட்டீர்கள்.* சிறு வரைபடத்தைப் பாருங்கள். உங்கள் நிறப் புள்ளிகள் சிட்டாலியாவுக்குத் தெற்கே இருக்கின்றனவா? இருந்தால் கீழே உள்ள எதையும் படிக்க வேண்டாம். ஆட்டத்தை மறுபடி தொடங்கி, உள்ளேயே இருங்கள். என்னிடம் வந்த புகார்களில் பெரும்பங்கு இந்த ஒரு வரியில் தீர்ந்துவிட்டது. நீரிணைக்குள் இருந்தால் எதிரியின் 45இல் ஐந்தோ ஆறோதான் ஒரு நேரத்தில் உங்களை அடிக்க முடியும். திறந்த கடலில் 45உம் சுற்றிக்கொள்ளும். கையில் கப்பல் இருக்கும்போது சும்மா நிற்பது யாருக்கும் பிடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைய கிரேக்கத் தளபதிகளிலேயே பலர் கொரிந்து பூசந்திக்குப் போய்விடலாம் என்றுதான் வாதாடினார்கள். அவர்களை நிறுத்தி வைக்க ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளீஸ் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

நிற்கும் முறை: முன்வரிசையில் நீரிணையின் அகலத்துக்கு எத்தனை கொள்ளுமோ அத்தனை. பின்வரிசை அவற்றுக்கு நேர் பின்னால், ஒட்டி. டிரைரீமின் அம்பு முன்வரிசையைத் தாண்டிப் போய் விழும்.

*இரண்டாவது: ஆளுக்கொரு கப்பலை அடிக்கிறீர்கள்.* தானாக விட்டால் ஒவ்வொரு கப்பலும் தனக்கு அருகில் இருப்பதை அடிக்கும். பாதி அடி வாங்கிய கப்பலும் முழு வேகத்தில்தான் அம்பு விடும் என்பதை மறக்காதீர்கள். எட்டுக் கப்பலைத் தேர்ந்தெடுத்து ஒன்றை மூழ்கடியுங்கள், பிறகு அடுத்தது.

*மூன்றாவது: காயம்பட்டதைப் பின்னுக்கு இழுக்கவில்லை.* இந்த விளையாட்டில் கிரேக்கரின் போர்க்கப்பல்களுக்கு மற்றவர்களைவிட வேகம் அதிகம். அந்த வேகம் துரத்துவதற்கு என்று பையன்கள் நினைக்கிறார்கள். ஓடுவதற்குத்தான் அது அதிகம் பயன்படும். உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கியதும் கப்பலைக் கரையை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துங்கள். கிராமத்தானை அனுப்பினால் பழுதுபார்ப்பான். சலாமிஸ் கரையில் நான்கு பேரை அதற்கென்றே சும்மா நிற்க வைத்திருக்கிறேன். அவர்களை மரம் வெட்ட அனுப்பிவிட்டு என்னிடம் குறை சொல்லாதீர்கள்.

*நான்காவது: பினீசியரின் கவண் கப்பல்.* இந்த விளையாட்டில் பினீசியரின் கவண் கப்பல்கள் மற்ற அணிகளுடையதைவிட 65 சதவீதம் வேகமாகக் கல் எறியும். விளையாட்டைச் செய்தவர்கள் தெரிந்து செய்தார்களோ என்னவோ, அன்றைய பாரசீகக் கடற்படையிலும் பினீசியர்தான் தேர்ந்தவர்கள். ஏதென்ஸ் கப்பல்களுக்கு எதிரே நிறுத்தப்பட்டவர்களும் அவர்களே. கல் விழும் இடத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் அடிபடும். எனவே கவண் கப்பல் வரிசையில் தெரிந்தவுடன் கப்பல்களை ஒன்றிரண்டு கட்ட இடைவெளியில் பிரித்துவிடுங்கள். அதன் உடல் டிரைரீமைவிட மெலிது. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதை முதலில் அடியுங்கள். எறிந்த கல் நீங்கள் இருந்த இடத்தில்தான் விழும். நகர்ந்துகொண்டே இருக்கும் கப்பலில் விழுவது அரிது.

*ஐந்தாவது, செலவு அதிகம் பிடிப்பது: ஆய்வுகளைச் செய்யவில்லை.* சந்தையில் உள்ள மரவேலை ஆய்வுகளை விறகு வெட்டுகிறவனுக்கானவை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அம்பு எட்டும் தூரத்தையும் அவைதான் கூட்டுகின்றன. ஒரு கட்டத் தூரம் கூடினால், எதிரி உங்களை எட்டும் முன் நீங்கள் இரண்டு அம்பு விட்டிருப்பீர்கள். அரசு மையத்தில் எறிகணை ஆய்வு முடிந்தால் நகரும் கப்பலிலும் அம்பு குறி தவறாமல் விழும். உணவும் மரமும் நிறைய வேண்டும். அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

ஐந்தையும் செய்து மூன்று முறை தோற்றால் கடின அளவை ஒரு படி இறக்குங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அதற்கும் மேலே போனால், நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். எழுதி விளக்கித் தீர்க்க முடியாத கைப்பழக்கங்கள் உண்டு.

என் கப்பலை என் கல்லே மூழ்கடிக்கிறது

மூழ்கடிக்கத்தான் செய்யும். கவண் கல்லுக்கு நண்பன், எதிரி தெரியாது. உங்கள் டிரைரீம்கள் எதிரியோடு ஒட்டி நிற்கும்போது கவண் கப்பலைப் பின்னால் நிறுத்தி வையுங்கள். சும்மா விட்டாலும் அது தானாக எறிந்துவிடும் என்பதால், எறிய முடியாத தொலைவுக்கே கொண்டுபோய்விடுங்கள்.

எதிரிக் கப்பலில் மோதினேன், ஒன்றும் ஆகவில்லை

வரலாறு படித்துவிட்டு வருகிறவர்களின் கோளாறு. டிரைரீம் என்றால் முகப்பில் வெண்கல இடிமூக்கு, 170 துடுப்புக்காரர்கள், பக்கவாட்டில் இடித்துப் பிளப்பது என்று சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

*ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் முதல் விளையாட்டு என்றால்:* அதில் இடிப்பதே கிடையாது. டிரைரீம் தொலைவில் நின்று அம்பு எய்யும் கப்பல். நீங்கள் எத்தனை முறை முட்டினாலும் எதிரிக் கப்பல் உடையாது. இடையில் அடி வாங்குவது நீங்கள்தான்.

*ரோம் 2 என்றால்:* இடிக்கலாம். ஆனால் மூக்கோடு மூக்கு இடித்தால் பலன் இல்லை. எதிரிக் கப்பலின் பக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். வேகம் எடுக்கக் கொஞ்சம் ஓடுதூரம் வேண்டும். இரண்டு கப்பல் நீளம்கூட இல்லாத இடத்திலிருந்து இடிக்கக் கட்டளை இட்டால் தட்டிக்கொடுப்பது போலத்தான் இருக்கும். இடித்த பிறகு அங்கேயே நிற்காதீர்கள். எதிரியின் வீரர்கள் தாவி ஏறிவிடுவார்கள். உங்கள் கப்பலில் வீரர்கள் அதிகமா, அவர்களுடையதிலா என்று பார்த்துவிட்டு, குறைவு என்றால் உடனே பின்வாங்குங்கள். ஆட்டத்தை நிறுத்திவைத்துக்கொண்டே கட்டளைகளைக் கொடுக்கலாம்; உச்சக் கடின அளவில் மட்டும் அந்தச் சலுகை இல்லை.

ஒரு கப்பல் எதிர்முகமாக நின்று எதிரியைப் பிடித்து வைத்திருக்க, இன்னொன்று சுற்றி வந்து பக்கத்தில் இடிப்பதுதான் எனக்கு எப்போதும் பலித்த வழி. இதற்கு இரண்டிரண்டாகக் கப்பல்களைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். இருபதையும் ஒரே நேரத்தில் ஆட்டிப் படைக்க யாராலும் முடியாது.

எதிரி நீரிணைக்குள் வருவதே இல்லை

நீங்கள் உள்ளே நிற்கிறீர்கள், அவர்கள் வெளியே நிற்கிறார்கள், அரைமணி நேரம் ஆகிறது. சலாமிஸிலும் இதே சிக்கல்தான் இருந்தது. தெமிஸ்டோக்ளீஸ் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சிக்கின்னஸ் என்ற ஆளைப் படகில் ஏற்றிப் பாரசீக முகாமுக்கு அனுப்பினார்: கிரேக்கர் தப்பியோடப் பார்க்கிறார்கள், இப்போதே வழியை அடைத்தால் பிடித்துவிடலாம் என்று. அவர்கள் நம்பி இரவோடு இரவாகக் கப்பல்களை நகர்த்தினார்கள், துடுப்புக்காரர்கள் தூங்கவில்லை. விடிந்ததும் களைப்போடு உள்ளே வந்தார்கள்.

உங்கள் சிக்கின்னஸ் ஒரு டிரைரீம். ஒன்றே ஒன்றை அனுப்புங்கள். வெளியே நிற்கும் வரிசையின் ஓரக் கப்பல்மீது அம்பு படும் தூரத்துக்குப் போய், ஓர் அம்பு, உடனே திரும்பல். நான்கைந்து கப்பல்கள் துரத்திக்கொண்டு வரும். இரண்டாவது அம்புக்கு ஆசைப்பட்டால் திரும்ப முடியாது. வந்தவை மூழ்கியதும் மறுபடி அனுப்புங்கள்.

தூண்டிலுக்கும் அசையவில்லை என்றால் எடிட்டரில் அந்த அணிக்குக் கணினி வியூகம் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தை நகல் எடுத்துத் திருத்தியவர்கள் பலர் அதைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

போர் சூடு பிடித்ததும் படம் திக்கித் திக்கி ஓடுகிறது, மடிக்கணினி கொதிக்கிறது

பழைய விளையாட்டில் வராது. ரோம் 2இல் கடல், கப்பல், நூற்றுக்கணக்கான வீரர்கள் எல்லாம் ஒரே திரையில் வரும்போது வரும்.

மின்கம்பி செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்கலத்தில் ஓடும்போது மடிக்கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிரிக்காதீர்கள், இரண்டு பேருக்கு இதுதான் தீர்வாக இருந்தது. அடுத்து, மெத்தைமேல் வைத்து ஆடுகிறீர்களா? அடியில் உள்ள காற்றுத் துளை அடைந்துவிடும், மேசைக்கு மாற்றுங்கள். பிறகு விளையாட்டின் அமைப்புகளில் நிழல், நீர், படை அளவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு படி இறக்குங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் உள்ள கணினி என்றால் விளையாட்டு வலுவானதில் ஓடுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, விளையாட்டை வாங்கித் தரவிறக்கிய ஸ்டீம் செயலியில் விளையாட்டுக் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஒருமுறை இயக்குங்கள்.

இவற்றுக்குப் பிறகும் கணினி நடுவில் தானாக அணைந்தால், அல்லது விசிறி உரசும் சத்தம் கேட்டால், பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். தூசி எடுத்து, வெப்பப் பசை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டில் திருப்புளியை எடுக்க வேண்டாம். விசிறியின் மெல்லிய கம்பியை நான் ஒருமுறை பிய்த்துவிட்டு இரட்டைச் செலவு செய்திருக்கிறேன். தொடுபலகை மேலே எழும்பி நின்றால் மின்கலம் உப்பியிருக்கிறது. அப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். அணைத்துவிட்டு அன்றைக்கே கொண்டுபோங்கள்.

எல்லாக் கப்பலையும் மூழ்கடித்தாகிவிட்டது, வெற்றி அறிவிப்பு வரவில்லை

என் வரைபடத்தில் எதிரியிடம் எதுவுமே மிஞ்சக் கூடாது என்பது வெற்றிக்கான விதி. எனவே எதுவோ மிஞ்சியிருக்கிறது.

முதலில் சிட்டாலியா. போருக்கு முந்தைய இரவு பாரசீகர் அந்தத் தீவில் வீரர்களை இறக்கி வைத்தார்கள்; போரின் நடுவே ஏதென்ஸின் அரிஸ்டைடீஸ், ஹாப்லைட்டுகள் எனப்படும் கவசமணிந்த ஈட்டி வீரர்களோடு போய் இறங்கி அவர்களை அழித்தார். அதனால் நானும் அங்கே எட்டு வில்லாளர்களை மரங்களுக்கு இடையில் வைத்திருக்கிறேன். டிரைரீமால் கரையோரம் நிற்பவர்களை அடிக்கலாம்; நடுவில் இருப்பவர்களுக்கு ஹாப்லைட்டுகள் வேண்டும். சிறிய போக்குவரத்துக் கப்பலில் ஐந்து பேர்தான் ஏறுவார்கள் என்பதால் இரண்டு கப்பல்களை ஒன்றாக அனுப்புங்கள். ஒன்றை மட்டும் அனுப்பினால், அடுத்த ஐந்து பேர் வருவதற்குள் முதல் ஐவர் முடிந்துவிடுவார்கள். இறக்குவதற்கு முன் கவண் கப்பலால் கரையைக் கொஞ்சம் தட்டிவிடுவது நல்லது.

தீவு காலியாகியும் அறிவிப்பு வரவில்லை என்றால், வரைபடத்தின் ஓரங்களைச் சுற்றி ஒரு கப்பலை அனுப்புங்கள், கருமை எங்கும் மிஞ்சாதபடி. போன வாரம் அக்கா மகன் ஒன்றேகால் மணி நேரம் இப்படித் தேடியிருக்கிறான். தென்கிழக்கு மூலையில் பினீசியரின் மீன்பிடிப் படகு ஒன்று, போர் நடந்ததே தெரியாமல், மீன் பிடித்துக்கொண்டிருந்ததாம்.